வீட்டைச் சுற்றியுள்ள நச்சுப் பாம்புகள்: அறிய வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பாம்புக்கடியுடன் வருவோரின் எண்ணிக்கை உயர்கிறது. உடன் வரும் உறவினர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “கடித்தது விஷப் பாம்பா, சாதாரணப் பாம்பா?” சிலர் அடித்த பாம்பைச் சாக்குப் பையில் போட்டு எடுத்து வருகின்றனர். சிலர் பாம்பைத் தேடுவதிலேயே ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு வருகின்றனர். இன்னும் சிலர், “சாரைப் பாம்புதான், ஒன்றும் செய்யாது” என்று அண்டை வீட்டார் சொன்னதை நம்பி, கண்ணிமை சரியத் தொடங்கிய பின்னரே வருகின்றனர்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமப்புற மக்கள். வயலிலும் வீட்டிலும் கடிபட்டவர்கள். உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்திருந்தால் இம்மரணங்களில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம். எனவே, நம் வீடுகளைச் சுற்றி வாழும் நச்சுப் பாம்புகள் எவை, அவற்றை எவ்வாறு அறிவது, அந்த அறிவை எதற்குப் பயன்படுத்த வேண்டும், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

நான்கு பெரும் நச்சுப் பாம்புகள்

இந்தியாவில் வாழும் பாம்பு இனங்களுள் மிகப் பெரும்பாலானவை மனிதரைக் கொல்லும் நஞ்சு அற்றவை. உயிரிழப்புகளுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நான்கு இனங்களே. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய அந்த நான்கும் தமிழ்நாட்டில் காணப்படுகின்றன.

நல்ல பாம்பு: நாகம் என்றும் அழைக்கப்படும். பழுப்பு, கருமை, மஞ்சள் கலந்த பழுப்பு எனப் பல நிறங்களில் இருக்கும். பொதுவாக மூன்று முதல் ஐந்து அடி நீளம். அச்சுறுத்தப்படும்போது முன்னுடலை உயர்த்திப் படம் விரிக்கும். படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி போன்ற குறி தெரியும். சில பாம்புகளில் இக்குறி மங்கியோ இல்லாமலோ இருக்கும். எலியைத் தேடி நெற்குதிர், மாட்டுத் தொழுவம், விறகுக் குவியல், கோழிக்கூடு ஆகிய இடங்களுக்கு வரும். கடித்த இடத்தில் வலி, வீக்கம், கொப்புளம் தோன்றும். தசை அழுகவும் கூடும். நஞ்சு நரம்பு மண்டலத்தைத் தாக்குவதால் கண்ணிமை சரிதல், பேச்சுக் குழறுதல், விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் என்று படிப்படியாக முடக்கம் ஏற்படும்.

கட்டு விரியன்: எட்டடி விரியன் என்றும் சொல்வர். பளபளப்பான கருமை அல்லது நீலம் கலந்த கருமை நிறம். உடலின் குறுக்கே மெல்லிய வெண்ணிறக் கட்டுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். சுமார் மூன்றடி நீளம் வளரும். பகலில் சோம்பிக் கிடக்கும், இரவில்தான் நடமாடும். தரையில் பாய் விரித்து உறங்குவோரின் படுக்கைக்குள் நுழைந்து, உறங்குபவர் புரளும்போது கடித்துவிடுகிறது. இதன் கடி குறித்துப் பின்னர் தனியே விரிவாகக் கூறுவோம்.

கண்ணாடி விரியன்: பருத்த உடலும் குட்டையான வாலும் உடையது. பழுப்பு நிற உடலின் மேல், சங்கிலி கோத்தாற்போல் கரும்பழுப்பு நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசைகளாக அமைந்திருக்கும். தலை முக்கோண வடிவினது. தொந்தரவு செய்யப்பட்டால் பிரஷர் குக்கர் ஆவி விடுவதைப் போல உரத்துச் சீறும். வயல், வரப்பு, புதர், வைக்கோற்போர் ஆகியவை இதன் இருப்பிடங்கள். மாலை மங்கிய பின் வரப்பில் வெறுங்காலுடன் நடப்போர் இதை மிதித்துவிட்டுக் கடிபடுகின்றனர். கடுமையான வலியும் விரைந்து பரவும் வீக்கமும் உண்டாகும். இரத்தம் உறையும் தன்மையை இழப்பதால் ஈறு, மூக்கு, கடிவாய், சிறுநீர் ஆகியவற்றில் இரத்தம் வெளிப்படலாம். சிறுநீரகங்கள் செயலிழப்பது இதன் கொடிய விளைவு. தென்னிந்தியாவில் இதன் கடியாலும் இமை சரிதல் போன்ற நரம்புப் பாதிப்புகள் சிலருக்கு ஏற்படுவதுண்டு.

சுருட்டை விரியன்: நால்வகையில் மிகச் சிறியது, பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை அடிக்குள் இருக்கும். மண்ணின் நிறம், பக்கவாட்டில் வெண்மையான அலைக்கோடுகள், தலையின் மேல் அம்பு அல்லது பறவைக் காலடி போன்ற வெளிர் குறி. உடலை வளைத்துச் சுருட்டி, சொரசொரப்பான செதில்களை ஒன்றோடொன்று உரசி, ரம்பம் அறுப்பது போன்ற ஒலி எழுப்பும். வறண்ட, மணற்பாங்கான, கற்கள் நிறைந்த நிலங்களில் அதிகம். கல்லைப் புரட்டும்போதும் விறகு எடுக்கும்போதும் கையில் கடித்துவிடுகிறது. உருவத்தில் சிறியது என்று அலட்சியம் செய்தல் தவறு; இதன் நஞ்சும் இரத்தம் உறைவதைத் தடுத்து உள்ளுறுப்புகளில் இரத்தக் கசிவை ஏற்படுத்தும்.

தோற்றம் ஏமாற்றும்

மேற்கூறிய அடையாளங்களைப் படித்தபின், இனிப் பாம்பைக் கண்டால் இன்னதென்று சொல்லிவிடலாம் என்று தோன்றலாம். பகல் வெளிச்சத்தில், அமைதியாக, தொலைவிலிருந்து பார்க்கும்போது ஓரளவு சொல்லலாம். கடிபட்ட நேரத்திலோ, இருளும் அச்சமும் சூழ்ந்திருக்க, புதருக்குள் மறையும் வாலை மட்டுமே காண்கிறோம். பழகிய கண்களையும் ஏமாற்றும் இணைகள் பல உள்ளன.

படம் விரிக்காத நாகம் பார்வைக்குச் சாரையைப் போலவே இருக்கும். சாரைப் பாம்பு நாகத்தின் ஆண் என்று ஊர்களில் சொல்வது உண்மையன்று. இரண்டும் வேறு வேறு இனங்கள். சாரைக்கு நஞ்சு இல்லை. நஞ்சற்ற தண்ணீர்ப் பாம்போ, அச்சமுற்றால் கழுத்தைத் தட்டையாக்கி நாகத்தைப் போல் தோற்றம் காட்டும்.

கண்ணாடி விரியனின் குட்டியை மலைப்பாம்புக் குட்டி என்றும் மண்ணுளிப் பாம்பு என்றும் தவறாக எண்ணிக் கையில் எடுப்போர் உண்டு. மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்ற வடிவில் இருக்கும். விரியனின் புள்ளிகள் வரிசையாக, சங்கிலி போல் இருக்கும். இந்த வேறுபாட்டை அறிந்திருந்தாலும், கையில் எடுத்துச் சோதிக்கலாகாது. விரியன் குட்டிகள் பிறந்த நாளிலிருந்தே நஞ்சுடையவை.

மிகவும் ஆபத்தான குழப்பம் கட்டு விரியனைப் பற்றியது. வெள்ளிக்கோல் வரையன் என்னும் நஞ்சற்ற பாம்பு, சுவரேறிப் பல்லிகளைப் பிடிக்க வீடுகளுக்குள் அடிக்கடி வரும். அதன் உடலிலும் வெண்ணிறக் கட்டுகள் உண்டு. அதில் கட்டுகள் தலைப்பக்கம் தெளிவாகவும் வால்பக்கம் மங்கியும் இருக்கும். கட்டு விரியனில் இது நேர்மாறு. கட்டுகள் வால்பக்கம் தெளிவாகவும் தலைப்பக்கம் மங்கியும் இருக்கும். ஆயினும் இளம் கட்டு விரியனில் தலைப்பக்கத்திலும் கட்டுகள் தெளிவாக இருப்பதுண்டு. சிலவற்றில் கட்டுகளே தெரியாமலும் போகலாம். ஆகையால் இந்த ஒரு குறியை நம்பி எவரும் முடிவெடுக்கக் கூடாது.

முக்கோணத் தலை இருந்தால்தான் நச்சுப் பாம்பு என்னும் பரவலான நம்பிக்கையும் பிழை. நாகத்துக்கும் கட்டு விரியனுக்கும் முக்கோணத் தலை கிடையாது. அவ்வாறே, இரண்டு பல் தடங்கள் இருந்தால் விஷக்கடி, பல தடங்கள் இருந்தால் சாதாரணக் கடி என்பதும் நம்பத்தக்கதன்று. நச்சுப் பாம்பு ஒற்றைத் தடமோ வெறும் கீறலோ மட்டும் விட்டுச் செல்லலாம். கட்டு விரியன் தடமே விடாமலும் கடிக்கலாம்.

வலியில்லாத கடி

கட்டு விரியனின் பற்கள் மிகச் சிறியவை. கடித்த இடத்தில் வலி, வீக்கம், இரத்தம் எதுவும் பெரும்பாலும் இராது. கொசுவோ எறும்போ கடித்தது என்று நினைத்து மறுபடியும் உறங்கிவிடுவோர் உண்டு. கடிபட்டதையே அறியாதோரும் உண்டு. அதிகாலையில் கடுமையான வயிற்று வலி, வாந்தி, தொண்டையில் அடைப்பு ஆகியவற்றுடன் விழிக்கின்றனர். குடும்பத்தார் அஜீரணம் என்று கருதிக் கஷாயம் கொடுக்கின்றனர். சிறிது நேரத்தில் இமைகள் தாழ்கின்றன, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, எச்சிலை விழுங்க முடிவதில்லை, கழுத்து நிற்பதில்லை, பின்னர் மூச்சு விடும் தசைகளும் தளர்கின்றன. சிலருக்கு இவ்வறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தொடங்கும்.

எனவே ஒன்றை நினைவில் வையுங்கள். இரவில் தரையில் உறங்கிய ஒருவர் விடியலில் வயிற்று வலியுடனோ இமை சரிந்தோ எழுந்தால், பாம்பு எதையும் எவரும் காணாவிடினும், கடித்தடம் இல்லாவிடினும், பாம்புக்கடியாக இருக்கலாம் என்று ஐயுற்று உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். குழந்தைகளின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அவர்களால் நடந்ததைச் சொல்ல இயலாது.

குடும்பத்தாருக்கு மற்றொரு செய்தியும் உண்டு. கட்டு விரியனால் முழு முடக்கம் அடைந்தவர் அசைவின்றிக் கிடப்பார். கண் திறக்க மாட்டார். கண்மணிகள் விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் இருக்கலாம். பார்ப்போருக்கு உயிர் பிரிந்தது போலவே தோன்றும். ஆனால் அவருடைய மூளை விழித்திருக்கக் கூடும். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கக் கூடும். செயற்கைச் சுவாசக் கருவியின் துணையுடன் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், அவரைக் காத்துவிட்டால் நரம்பு முனைகள் மீண்டும் வளர்ந்து அவர் எழுந்து நடப்பார். “இனி என்ன பயன்? வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம்” என்று இந்நிலையில் கூறாதீர்கள். அவர் அருகில் அமர்ந்து அவர் பெயர் சொல்லிப் பேசுங்கள்.

பாம்பின் பெயர் தெரியாமலே சிகிச்சை செய்ய முடியும்

“பாம்பு எதுவென்று தெரியாமல் எப்படி மருந்து கொடுப்பீர்கள்?” என்று பலர் எங்களிடம் கேட்கின்றனர். இந்தியாவில் பயன்படுத்தப்படும் நச்சுமுறிவு மருந்து, மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் எதிராக ஒன்றாகவே தயாரிக்கப்படுகிறது. நான்கு நஞ்சுகளையும் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து இம்மருந்தைத் தயாரிக்கின்றனர். இதற்கான நஞ்சைப் பெருமளவில் வழங்கி வருவது, சென்னைக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கப்பட்ட அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர்களுடைய கைத்திறனால் நாடெங்கும் எத்தனையோ உயிர்கள் காக்கப்படுகின்றன.

மருந்து தேவையா என்பதை நோயாளியின் உடலே எங்களுக்குக் காட்டுகிறது. இமை, பேச்சு, விழுங்கும் திறன், மூச்சு ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறோம். இரண்டு மில்லிலிட்டர் இரத்தத்தைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறோம். அது உறையாவிட்டால் விரியன் நஞ்சு ஏறியிருப்பதாகக் கொள்கிறோம். எளிய சோதனைதான், எனினும் உயிர் காக்கும் முடிவு இதைக் கொண்டே எடுக்கப்படுகிறது.

எல்லாக் கடியிலும் நஞ்சு ஏறுவதில்லை. எனவே எல்லாருக்கும் நச்சுமுறிவு மருந்து கொடுப்பதும் இல்லை. அறிகுறி இல்லாதவரையும் 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கிறோம். “நன்றாகத்தானே இருக்கிறார், ஏன் அனுப்ப மறுக்கிறீர்கள்?” என்று வருந்த வேண்டாம், அந்தக் காத்திருப்பே ஒரு சிகிச்சை. குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே. பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலை, காப்பித் தோட்டங்களில் குழிவிரியன் வகைகளும் உண்டு. அவற்றின் நஞ்சுக்கு இம்மருந்து பயன் தருவதில்லை; வேறு வகை மருத்துவக் கவனிப்பு தேவைப்படும். மலைப்பகுதியில் கடிபட்டவர்கள் இடத்தை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

கடிபட்டால் செய்ய வேண்டியவை

1. பாம்பிடமிருந்து விலகிச் செல்லுங்கள். அதைத் தேடவோ அடிக்கவோ முயல வேண்டாம். வெட்டுண்ட பாம்பின் தலையும் சிறிது நேரம் கடிக்கும் ஆற்றலுடையது. ஆறேழு அடி தள்ளி நின்று கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம், இல்லையெனில் தேவையில்லை.

2. கடிபட்டவருக்குத் தைரியம் சொல்லி அமர வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் ஏறும் முன் கழற்றுங்கள்.

3. எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல், கடிபட்ட கையையோ காலையோ அட்டை அல்லது குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள்.

4. அவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். 108 ஊர்தியை அழையுங்கள். அது தாமதமானால் கிடைக்கும் வாகனத்தில் புறப்படுங்கள். இருசக்கர வாகனம் மட்டுமே இருந்தால், ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் நடுவில் அவரை அமர்த்துங்கள். வாந்தி இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

5. கடிபட்ட நேரம், இடம், அதன்பின் தோன்றிய அறிகுறிகள், கொடுத்த மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் ஒளிக்காமல் கூறுங்கள். நாட்டு மருந்து கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

செய்யக் கூடாதவை

கயிறாலோ துணியாலோ இறுகக் கட்டக் கூடாது. இறுக்கிய கட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தி அந்த உறுப்பையே இழக்கச் செய்யலாம். ஏற்கெனவே கட்டியிருந்தால் வீட்டில் அவிழ்க்க வேண்டாம். அவிழ்த்தவுடன் நஞ்சு விரைந்து பரவக் கூடும். கட்டுடனே வாருங்கள், நாங்கள் பாதுகாப்பாக அவிழ்ப்போம். கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது, விஷக்கல் ஒட்டுவது, மது கொடுப்பது ஆகிய அனைத்தும் தீங்கானவை. இரத்தம் உறையாத நிலையில் போடப்படும் ஒரு கீறலே பெரும் இரத்தப்போக்காக மாறும். மந்திரித்தலால் உயிர் பிழைத்தார் என்று சொல்லப்படுவோர், பெரும்பாலும் நஞ்சு ஏறாத கடிக்கு ஆளானவர்களே.

வீட்டில் தடுக்கும் வழிகள்

பாம்பு எலியையும் தவளையையும் தேடியே வீட்டுக்கு வருகிறது. தானியத்தை மூடி வைத்தல், மிஞ்சிய உணவை வெளியில் கொட்டாதிருத்தல், சுவர்ப் பொந்துகளையும் கழிவுநீர்க் குழாய் வாய்களையும் அடைத்தல், விறகு, செங்கல், ஓடு ஆகியவற்றைச் சுவரை ஒட்டி அடுக்காதிருத்தல் ஆகியவை முதன்மையானவை. பால் வைத்தால் பாம்பு அடங்கும், பூண்டைக் கரைத்துத் தெளித்தால் வராது என்பனவற்றை நம்ப வேண்டாம்.

இயன்றவரை கட்டிலில் உறங்குங்கள். தரையில் உறங்குவோர் கொசுவலையைக் கட்டி, அதன் விளிம்புகளைப் பாயின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும். சில நூறு ரூபாய் செலவில் கட்டு விரியனிடமிருந்து கிடைக்கும் சிறந்த காவல் இது. இரவில் வெளியே செல்லும்போது கைவிளக்கும் காலணியும் தேவை. காலணியை அணியும் முன் தட்டிப் பாருங்கள். விறகையும் கல்லையும் எடுக்கும் முன் கோலால் தட்டுங்கள். வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிட்டால் குழந்தைகளை வெளியேற்றி, தொலைவிலிருந்து அதைக் கவனித்தபடி, தீயணைப்பு மீட்புப் பணித் துறையை 101 என்ற எண்ணில் அழையுங்கள்.

வீடு திரும்பிய பின்

சிகிச்சை முடிந்து செல்வோர் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் கவனிக்க வேண்டும். அது குறைந்தாலோ கருத்தாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ, புண் பரவினாலோ உடனே திரும்பி வாருங்கள். ஓரிரு வாரங்களில் காய்ச்சல், மூட்டு வலி, தோல் தடிப்பு தோன்றினால் அது நச்சுமுறிவு மருந்தின் பின்விளைவாக இருக்கலாம், எளிதில் குணப்படுத்தலாம்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்தது. அதன்படி மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கு, எத்தனை பேர் கடிபடுகின்றனர் என்பது தெரிந்தால்தான் மருந்து அங்கு இருப்பில் இருக்கும். இம்மருந்து அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஆகவே எது அருகில் உள்ளதோ அங்கு முதலில் செல்லுங்கள். எங்கள் மருத்துவமனைதான் வேண்டும் என்று அதைக் கடந்து வர வேண்டாம்.

நான்கு பாம்புகளின் அடையாளங்களைக் குடும்பத்தில் அனைவரும் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றைக் கண்டால் விலகி நிற்க அது உதவும். கடிபட்டுவிட்டாலோ, நஞ்சுள்ளதா நஞ்சற்றதா என்று வீட்டில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அதைச் சோதித்துச் சொல்வது எங்கள் பணி. காலம் தாழ்த்தாமல் அழைத்து வருவது உங்கள் பணி.